தவளைக் கருவையும் ஜிம்மையும் முடிச்சு போடாதீங்க

காட்பாடி ஜிம் தம்பி போட்ட போஸ்ட்ட பார்த்தேன், "வைட்டமின் ஏ குடுத்தா தவளைக் கருவுல மசில் வளருதாம், நாமளும் மாத்திரை போடலாம்"னு. இன்னாப்பா இது, பாதி கதை. வைட்டமின் ஏ-ல இருந்து உடம்பு தயார் பண்ற ரெட்டினாயிக் ஆசிட் தனியா ஒண்ணும் கிழிக்காது, செல்லோட நியூக்ளியஸ்ல டிஎன்ஏ மேல உக்காந்துகினு இருக்கற ரிசப்டர்ங்கற புரதத்துல போய் ஒட்டணும், ஒட்டினா ஜீனை தொறந்து விடும், ஒட்டாத வரைக்கும் அதே ரிசப்டர் தான் ஜீனை அடக்கி வெக்கும். ஆசிட் இல்லாத எடத்துலயும் ரிசப்டருக்கு வேலை கீது, இத தான் எல்லாரும் வுட்டுடறாங்க.

செனோபஸ்னு ஆப்பிரிக்கத் தவளை, அதோட கருவுல மசிலுக்கான சோமைட் கட்டிங்க தலைப்பக்கத்துல இருந்து வால் பக்கமா வரிசையா பிரியும். வால் நுனியில ஆசிட்ட ஒடைக்கிற என்சைம் இருக்கு, அதனால அங்க காமான்னு அந்த ரிசப்டர்ல ஒரு வகை ஜீனுங்கள அடக்கியே வெச்சிருக்கும், செல்லுங்க அவசரப்பட்டு மசிலா மாறாம ஒடம்பு நீள்றதுக்கு ஸ்டாக்கா நிக்கும். இதுல ஆசிட்ட அதிகமா ஊத்தினா மசில் ஏறாது தம்பி, தலையும் வாலும் தான் குட்டையாகும். 1992ல ஒடிசா ஆராய்ச்சியாளருங்க வால் வெட்டின தலைப்பிரட்டைய வைட்டமின் ஏ-ல வெச்சாங்க, வால் எடத்துல காலே மொளச்சுது!

மாத்திரை அதிகமானா ஈரல் கெடும், மாசமா இருக்கறவங்க போட்டா கொழந்தைக்கு ஊனமே வரலாம். அந்த போஸ்ட்ட மொதல்ல எடுத்துடு.