ஓடிபி பீரோவுக்குள் இருக்குப்பா

இந்த வாக்கியத்தை இன்று காலை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனிடம் நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது, தோளில் சிலிண்டர். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட மேடவாக்கம் மெயின் ரோட்டைத் தாண்டி மடிப்பாக்கத்துக்குள் வண்டி வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். இதில் என் பதில் வேறு.

எல்லாம் என் வீட்டுக்காரரால். ஞாயிற்றுக்கிழமை யாரும் போன், டிவி, லேப்டாப் தொடக் கூடாதாம். இந்த ஞானோதயம் எங்கே வந்தது? போனில். ராத்திரி பன்னிரண்டரைக்குப் போர்வைக்குள் பார்த்த வீடியோவில். உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது என்று ஒரே பிரசங்கம். அவர்கள் 2019-ல் சொன்னது ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு. இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று. எங்கள் வீட்டில் அந்த வயதில் யாரும் இல்லை. நடத்தையை வைத்துப் பார்த்தால் ஒருவர் இருக்கிறார்.

நேற்று ராத்திரியே மாமியார் போன் உட்பட ஐந்து போனும் பீரோ லாக்கருக்குள் போயாச்சு. சாவி அவர் சட்டைப் பையில். காலையில் “காற்று வாங்கிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டார். கேஸ் தீர்ந்து இண்டக்‌ஷன் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் சிவப்பு நம்பர் ஓடுகிறதே, அதுவும் ஸ்கிரீன்தானே என்று கேட்கிறாள் பெண். இத்தனை வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை வராத சிலிண்டர், இன்றைக்கென்று பார்த்து வருகிறது.

“அக்கா, ஓடிபி.”

“பீரோவுக்குள்ள இருக்குப்பா.”

“பேப்பர்ல எழுதி வெச்சிருக்கீங்களா?”

“இல்ல, போனே பீரோவுலதான் இருக்கு.”

“அப்ப தொறங்கக்கா.”

“சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட.”

“அவருக்கு போன் போடுங்க.”

“அவர் போனும் பீரோவுலதான்.”

அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நல்ல பிள்ளை, தன் போனையே நீட்டினான். வீட்டுக்காரர் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. மாமியார் பழைய டைரியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். பீரோவுக்குள்ளிருந்து நாதஸ்வரம் ஒலித்தது. அவருடைய ரிங்டோன். நானும் பையனும் மாமியாரும் நின்று முழுசாகக் கேட்டோம். கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி இருந்தது, தாலி கட்டத்தான் மாப்பிள்ளை இல்லை.

அவனும் பத்து நிமிஷம் காத்திருந்தான். அப்புறம் சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஓடிபி இல்லாமல் கொடுத்தால் ஏஜென்சியில் அவனைத்தான் திட்டுவார்களாம். நியாயம்தான். நான் என்ன சொல்ல முடியும்?

பதினொன்றரைக்கு ஐயா வந்தார். எங்கே போயிருந்தார்? முனை டீக்கடையில். அங்கே டிவியில் நேற்றைய மேட்ச் ஹைலைட்ஸ். “அது நம்ம வீட்டு டிவி இல்லையே” என்கிறார்! அப்புறம் லாக்கரைத் திறந்தால் ஸ்கூல் குரூப்பில் 43 மெசேஜ். நாளைக்குப் பச்சை டிரெஸ்ஸில் வர வேண்டுமாம். மத்தியானச் சாப்பாட்டை ஆர்டர் செய்ததும் அதே போனில்தான். விரதம் ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடிந்தது, சஷ்டி விரதமே இதைவிடத் தாங்கும்.

எங்கள் வீட்டில் உண்மையாகவே ஸ்கிரீன் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு தடவை. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். கரண்ட் இல்லை, டவர் இல்லை, தெருவெல்லாம் மரம். நாலு நாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பல்லாங்குழி ஆடினோம். மாமியார் எல்லோரையும் தோற்கடித்தார். யாரும் வீடியோ பார்த்து முடிவு செய்யவில்லை, பூட்டும் சாவியும் தேவைப்படவில்லை.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த நாதஸ்வரமும் அந்தப் பையன் முகமும்! மாமியார் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஆனால் ஒன்று. மூன்றாவது மாடிக்காரர்கள் வாஷிங் மெஷின் தண்ணீரை நேராக எங்கள் பால்கனிக்கு விடுகிறார்களே, காய்ந்துகொண்டிருந்த ஒரு தாம்பாளம் மோர்மிளகாய் போச்சு. இதற்கு எந்த ஓடிபி கொடுத்தால் நிறுத்துவார்கள்?