கேட்டில் தொங்குகிற அந்த போர்டு

எழுதக் கூடாது என்று மூன்று நாளாக வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கும் சபை வாட்ஸப் குரூப்பில் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கோயில் வளாகத்துக்குள் நாய், ஆடு எதுவும் கொண்டுவரக் கூடாது என்கிற அந்தப் போர்டு போட்டோவை எல்லாரும் பார்த்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை கேட்டில் என்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதையும் கேட்டாச்சு. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. எந்தச் சபை என்று தெரியாதவர்கள் தெரியாமலே இருந்துகொள்ளுங்கள், நட்டமில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் சொல்லணும். நாங்கள் நாய்க்கு ஊழியம் செய்யவில்லை. நாய் வைத்திருக்கிற மனுஷனுக்குச் செய்கிறோம்.

மாசத்தில் ரெண்டாவது ஞாயிறு, ரெண்டாம் ஆராதனை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடி. ஒரு மேஜை, ரெண்டு பெஞ்சு, ஐஸ் போட்ட தெர்மாகோல் டப்பா. நம்ம சபைக் கால்நடை டாக்டர் தம்பி, வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேர், பெண்கள் ஐக்கியத்தில் என்னோடு சேர்த்து மூணு பேர். நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்குக் கழிச்சல் வராமலிருக்கச் சொட்டு மருந்து. அவ்வளவுதான் எங்கள் 'கூத்து'. ஒருத்தர் அந்த வார்த்தையைத்தான் போட்டிருந்தார்.

யார் வருகிறார்கள் என்று ஒருநாள் வந்து பார்த்திருக்கிறீர்களா? லாப்ரடார் வைத்திருக்கிறவர்கள் கார் எடுத்துக்கொண்டு கிளினிக் போய்விடுவார்கள். எங்களிடம் வருவது பீடி சுற்றுகிற அக்காமார். பிள்ளைகள் சென்னை, துபாய் என்று போனபிறகு ஒற்றையாய்க் கிடக்கிற தாத்தா, ஆச்சிகள். அவர்கள் வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் அந்த ஆடோ நாயோ போடுவதுதான்.

ஒரு தாத்தா கதை சொல்கிறேன். கண்ணில் புரை. இலவச முகாமில் ரெண்டு தடவை ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தும் போகவில்லை. சபை ஊழியரான உபதேசியார் போய்ச் சொன்னார், எங்கள் குருவானவர் ஐயரவர்கள் போய் ஜெபம் பண்ணினார்கள். பயப்படுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நாய்க்கு ஊசி போட வந்த அன்று பேச்சுவாக்கில் வாயிலிருந்து வந்தது: "நா போயிட்டா இவனுக்கு யாரும்மா சோறு வைப்பா? இவன் எங்கையால வச்சாத்தான் திம்பான்." மூணு வருஷமாக வேதத்தைக் கையில் எடுத்து வாசிக்க முடியாமல் இருந்த மனுஷன். தடை ஒரு தட்டுச் சோறு.

தாத்தா ஆபரேஷனுக்குப் போனபோது அவர் நாய் மணியை மூணு நாள் என் வீட்டில் வைத்திருந்தேன். முதல் நாள் தண்ணிகூடக் குடிக்கவில்லை. தாத்தாவின் பழைய துண்டை வாங்கிவந்து பக்கத்தில் போட்டபிறகு, அதன் ஓரத்தில் முன்னங்காலை வைத்துக்கொண்டு ரெண்டு வாய் பால்சோறு தின்றது. தாத்தா கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினபோது புது ஆள் என்று குரைத்தது. அப்புறம் வாடை பிடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் அதற்கும் பொம்மை போடுவீர்கள், வேண்டாம்.

இப்போது சொல்லுங்கள், இது நாய்க்குச் செய்ததா, மனுஷனுக்கா?

"மனுஷனுக்கே செய்ய ஆளில்லை, நாய்க்கு என்ன?" என்கிறவர்களே, நீங்கள் போன வருஷம் எந்த மனுஷனுக்கு என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் மரியாதையாக இருக்காது. கோயில் காணிக்கையில் ஒரு ரூபாய் தொட்டதில்லை. மருந்து பாதி அரசுக் கால்நடை மருந்தகத்திலிருந்து, மீதி நாங்கள் எட்டுப் பேர் போடுவது. நோட்டு என் வீட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள், காப்பியும் தருகிறேன்.

வளாகத்தின் பரிசுத்தம் கெடுகிறதாம். போன அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த கிடா ஞாபகம் இருக்கிறதா? கோயில் வாசப்படியில் நிறுத்தி "ஒருதரம், ரெண்டுதரம்" என்று மைக்கில் ஏலம் விட்டோமே. அங்கேயே புழுக்கையும் போட்டது. யாரும் பரிசுத்தத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, வருகிற ஆடுகளும் அதே கேட்டு வழியாகத்தான் வருகின்றன. ஆக ஆடு உள்ளே வரலாம், உயிரோடு திரும்பிப் போகத்தான் கூடாது. உடனே "அம்மா சைவமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அசனத்தில் கறிக்குழம்புக்கு முதல் பந்தியில் உட்காருகிறவள்தான் நான்.

வெளிப்படுத்தல் 22:15-ஐ எடுத்துப் போட்ட அண்ணாச்சிக்கு: "நாய்கள் புறம்பே" என்பதோடு வசனம் முடியவில்லை. பொய்யை விரும்பி அதன்படி செய்கிறவர்களும் புறம்பே என்றுதான் முடிகிறது. அதற்கும் ஒரு போர்டு எழுதி மாட்டிவிடலாமே? கேட்டில் இடம் இருக்கிறது. லாசருவின் கதையையும் ஒருதரம் வாசியுங்கள். ஐசுவரியவான் வாசலில் கிடந்தவன் பருக்களை நக்கினது யார்? நாய்கள்தானே. யோனா புஸ்தகத்தில், நினிவேயில் ராஜா கட்டளை போட்டபோது மாடும் ஆடும்கூட இரட்டு, அதாவது சாக்குத்துணி, போர்த்தி உபவாசம் இருந்தன. நம்மில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு வருகிறோம்?

"இதெல்லாம் ஆர்.சி.க்காரர் (கத்தோலிக்கர்) பழக்கம், இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் ஃபேஷன்" என்று இன்னொருத்தர். என் சித்தி திண்டுக்கல் பக்கம் ஆர்.சி. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாள். எகிப்து வனாந்தரத்தில் தபசு இருந்தவர், சுரூபத்தில் காலடியில் பன்றியோடு நிற்பாரே, அவர்தான். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பெயின்ட் அடித்து, கோயில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். சின்ன வயதில் நான் பார்த்தது. அது ஃபேஷனா?

சரி, அவர்கள் வேண்டாம், நம்ம புராட்டஸ்டன்ட் பக்கமே வருகிறேன். ஆர்தர் புரூம் என்று ஒரு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக் குரு. 1824-இல் லண்டனில் ஒரு காப்பிக்கடையில் ஆட்களைக் கூட்டி, மிருகங்களை வதைப்பதைத் தடுக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார். வில்பர்ஃபோர்ஸும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர், அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர் என்று ஞாயிறு பள்ளியில் படித்தோமே, அவரேதான். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கே போனார். ஒரு குருவானவர் மிருகங்களுக்காக ஜெயிலுக்குப் போனார். நமக்கு ஒரு வேப்பமர நிழலை விட்டுக்கொடுக்க மனசில்லை.

ஒரே ஒருத்தர் மட்டும் நியாயமாகக் கேட்டார். அவருடைய பையனைப் போன வருஷம் தெருநாய் கடித்துவிட்டது, இன்றைக்கும் குரைப்புச் சத்தம் கேட்டால் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அந்தத் தாயிடம் எனக்குக் கோபமே இல்லை. ஏப்ரலில் ஒரு நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பக்கம் ஓடியது உண்மை. எங்கள் தப்பு, அன்றைக்கே மன்னிப்புக் கேட்டோம். ஆனால் போர்டு மாட்டினால் அந்த நாய் எங்கே போகும்? அதே தெருவில்தான் நிற்கும், ஊசி போடாமல். கடித்த இடத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பிக்கொண்டிருந்த வீடுகளில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, சொன்ன தேதியில் எல்லா ஊசியும் போடு என்று சொல்லிக் கொடுத்தது யார்? வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைக்கிறது அபூர்வத்திலும் அபூர்வம். கமிட்டியில் இதைச் சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம் கொடுத்தார்கள். அதிலும் ஒருத்தர் போன் பேசிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் போகட்டும். என்னைச் சுட்டது வேறு. "செத்த நாய்க்கு ஜெபம் பண்ணின ஆன்ட்டி" என்று எழுதினாயே தம்பி, உனக்கு ஞாயிறு பள்ளியில் கர்த்தருடைய ஜெபம் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு ஜெபம் பண்ணினது நாய்க்கு இல்லை. பதிமூணு வருஷம் கூடவே கிடந்த ஜீவன் போய், கட்டின கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சருக்கு.

எங்க வீட்டுக்காரர் 2019-இல் போனார். வீடு கொள்ளாத கூட்டம். ரெண்டு வருஷம் கழித்து அவர் வளர்த்த டைகர் போனது. முருங்கைமரத்துப் பக்கத்தில் நானும் பால்காரத் தம்பியும் புதைத்தோம். யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட நாலு நாள் கழித்துத்தான். சிரிப்பார்கள் என்று பயம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் செருப்புச் சத்தத்தை எதிர்பார்த்து வாசலைப் பார்க்க என்னோடு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில் அதன் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் கழுவினேன்.

இவ்வளவும் எழுதினபிறகு, மேலே சொன்னதை நானே மாற்றிக்கொள்கிறேன். ஆமாம், நாய்க்கும்தான் செய்கிறோம். ஏன் ஒளிக்கணும்? "மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்று சங்கீதம் 36-இல் பாடுகிறோம். பாடும்போது அந்த ரெண்டாவது வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுகிறோமா? ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆச்சி சினை ஆட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, வெயிலில், முக்கால் மணி நேரம் நின்றாள். "நான் மட்டும் உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டாள். சொல்லமாட்டேன் என்று ஆரம்பித்தேன், சொல்லிவிட்டேன்.

ராஜினாமா செய்யப்போகிறேனா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. என் பெஞ்சில் நான்தான் உட்காருவேன்.

வருகிற ரெண்டாவது ஞாயிறு வேலை நடக்கும். எதிரே இருக்கிற டீக்கடை பாய், கடைக்குப் பக்கத்து ஷெட்டைத் தருகிறேன் என்று அவராகவே வந்து சொன்னார். ரெண்டாம் ஆராதனை முடிந்ததும் வாருங்கள். நாயைக் கயிறு போட்டுப் பிடித்து வாருங்கள். கோழி கொண்டுவருகிறவர்கள் காலைத் துணியால் கட்டுங்கள், நைலான் கயிறு வேண்டாம், போன தடவை ஒன்றுக்குக் கால் வீங்கிவிட்டது.