நிலக்கரி எடுத்த நிலத்தில் மரம் வளராதா?

"நிலக்கரி தோண்டிய இடத்தில் இனி மரமே வளராது, மண்ணெல்லாம் விஷமாகிவிட்டது" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

பல இடங்களில் சிக்கல் விஷம் அல்ல, மண்ணின் இறுக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியைப் பாருங்கள். 1977-ல் வந்த சுரங்கச் சட்டத்துக்குப் பிறகு, மண் சரியக்கூடாது என்று புல்டோசரால் நிலத்தை அழுத்திச் சமன்செய்து, வேகமாகப் படரும் புல்லை விதைத்தார்கள். பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் மரக்கன்றின் வேர் இறங்க வழியில்லை. நீரையும் வெளிச்சத்தையும் புல்லே எடுத்துக்கொண்டது. பழி மட்டும் மண்மேல் விழுந்தது.

அப்புறம் அத்தகைய நிலங்களை ஆழமாகக் கீறி இளக்கி, புல்லைக் கட்டுப்படுத்தி, ஓக் போன்ற அந்தப் பகுதி மரங்களை நட்டபோது அவை பிழைத்து வளர்ந்தன. புதிதாக மூடும் சுரங்கங்களில் குறைந்தது 4 அடி மேல்மண்ணையும் பாறைத்துகளையும் இறுக்காமல் விடவேண்டும் என்பது இப்போது அங்கே தரப்படும் பரிந்துரை. பழைய காடு முழுசாகத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும், அதையும் மறைக்கக்கூடாது.

சரி, அமிலம்? அது உண்மையான சிக்கல்தான். சில சுரங்கப் பாறைகளில் இருக்கும் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அதனால்தான் அந்தப் பாறையைத் தனியே பிரித்து ஆழத்தில் புதைக்கிறார்கள், மண்ணில் சுண்ணாம்பு கலக்கிறார்கள். எல்லாச் சுரங்க மண்ணும் அப்படிப்பட்டதல்ல.