முதல் பக்கத்தோடு நிறுத்தியவர்

யாரோ தொலைத்த பை, அதை எடுத்த ஒருவர், தேடிப்போய்க் கொடுக்கும் இடத்தில் முளைக்கும் காதல். இந்த மாதிரிக் கதை எங்கே கிடைத்தாலும் விடாமல் படிப்பேன். ஆனால் பாதிக் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பையை எடுத்தவன் அதைக் குடைகிறான். டைரியைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறான். அவளுக்கு எந்தப் பூ பிடிக்கும், யாரோடு சண்டை என்று எல்லாம் தெரிந்துகொண்டு போய் எதிரில் நிற்கிறான். அவளுக்கோ அவன் பெயர்கூடத் தெரியாது. இதைக் காதல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. எடுத்தவர் எங்கே நிறுத்தினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் சித்தியும் சித்தப்பாவும் சேர்ந்ததே அப்படித்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். கடற்கரை - தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடிய காலம். 1931இல் தொடங்கிய அந்தச் சேவை 2004 ஜூலை வரை ஓடியது. சித்திக்கு சென்ட்ரல் பக்கம் வேலை, குரோம்பேட்டையில் வீடு. ஒரு நாள் சாயங்காலம் பூங்கா ரயில் நிலையத்தில், வந்த வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் பெஞ்சிலேயே பையை விட்டுவிட்டு லேடீஸ் பெட்டியில் ஏறிவிட்டார். பையில் ஒரு டிபன் பாக்ஸ், கொஞ்சம் சில்லறை, ஒரு நோட்டு, நூலகப் புத்தகம் ஒன்று.

எடுத்தவர் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தார். பெயர் இருந்தது, முகவரி இல்லை. மூடிவிட்டார். அப்புறம் நூலகப் புத்தகத்தைப் புரட்டினால் குரோம்பேட்டை கிளை நூலகத்தின் முத்திரை. அடுத்த நாள் வேலை முடிந்து அங்கே போய் நின்றார்.

நூலகருக்கு வாசகர்களை எல்லாம் முகம் பார்த்தே தெரியும். இருந்தும், “பொண்ணு அட்ரஸெல்லாம் தர முடியாது தம்பி. சனிக்கிழமை வருவாங்க, நீங்களும் வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த நூலகர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நல்ல காரியத்துக்குத்தானே கேட்கிறான் என்று தூக்கிக் கொடுக்காமல், பொது இடத்தில், தன் கண்ணெதிரே இருவரும் பார்க்கும்படி செய்தார்.

சனிக்கிழமை சித்தி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “நோட்டைப் படிச்சீங்களா?”

“முதல் பக்கம் மட்டும் பார்த்தேங்க. அட்ரஸ் இருக்கான்னு.”

சித்தி அதை நம்பினார். நம்பக் காரணம் இருந்தது. ரேஷன் கார்டு விவரத்தை எழுதிவைத்தபோது வீட்டு முகவரியையும் அதே நோட்டின் நடுப்பக்கத்தில் எழுதியிருந்தார். இன்னும் பத்துப் பக்கம் புரட்டியிருந்தால் அந்த மனிதர் நூலகத்துக்கு வந்திருக்கவே தேவையில்லை. நேரே வீட்டு வாசலில் நின்றிருப்பார். அவர் அலைந்த அலைச்சலே அவர் படிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்து வந்திருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, அதனால் அவருடைய அம்மா உள்ளே முறுக்கு வைத்து அனுப்பியிருந்தார். சாமான்களைப் போட்டுக்கொண்டு வந்த மஞ்சப்பை அவர்கள் வீட்டுடையது. அதைத் திருப்பித் தர வேண்டும், அதையும் வெறுமையாகத் தரக் கூடாது. எங்கள் பாட்டி மாங்காய் போட்டுக் கொடுத்தார். மாமா கொண்டுபோகிறேன் என்றார். சித்தி, “வேண்டாம், நானே போறேன்” என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பை இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தாம்பூலப் பை அச்சடிக்கும் அளவுக்கு வந்தது.

இன்றைக்கு ஒரு பர்ஸ் கிடைத்தால் என்ன செய்கிறோம்? உள்ளே இருக்கும் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, “அதிகம் பகிரவும்” என்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறோம். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பன்னிரண்டு இலக்க எண் எல்லாம் ஊர் முழுக்கப் போகிறது. பர்ஸ் திரும்பி வந்துவிடும். அந்தப் படம் திரும்பி வராது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ரயிலில் கிடைத்தால் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் கொடுங்கள். 139க்குக் கூப்பிட்டுச் சொல்லலாம். தெருவில் கிடைத்தால் பக்கத்துக் காவல் நிலையம். பெயர், கிடைத்த இடம் இரண்டை மட்டும் எழுதிப் பகிர்ந்தாலே உரியவருக்குப் புரிந்துவிடும். உண்மையான உரிமையாளர்தானா என்று சரிபார்க்க மற்ற விவரங்களை நாம் வெளியே சொல்லாமல் இருப்பதே நல்லது.

நம் சட்டமும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு, கிடைத்த பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் அதை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 168ஆவது பிரிவு எனக்கு இன்னும் பிடிக்கும். பொருளைக் காப்பாற்றவும் உரியவரைத் தேடவும் தானாக விரும்பிப் பட்ட சிரமத்துக்கும் செய்த செலவுக்கும் ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. செலவைத் தரும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கலாம், உரியவர் சன்மானம் அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்கும் போடலாம். ஆனால் அலைந்தேன் என்பதற்காக மட்டும் வழக்குப் போட உரிமை கிடையாது. ‘பையைத் தேடிக் கொடுத்தவனாச்சே, அவனைப் போய் வேண்டாம் என்கிறாளே’ என்று கதாநாயகியைக் குறை சொல்பவர்களுக்கு இந்தப் பிரிவைப் படித்துக்காட்ட ஆசை.

சித்தியிடம் இதைச் சொன்னபோது அவர் சட்டத்தைவிடத் தெளிவாகச் சொன்னார்: “பையைக் கொடுத்தாரு, நன்றி சொன்னேன், அது அன்னைக்கே லைப்ரரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு. மஞ்சப்பையை நானே கொண்டுபோகணும்னு நினைச்சது நன்றிக்காக இல்லடா. எனக்கு அவரை இன்னொரு தடவை பார்க்கணும்போல இருந்துச்சு.”