அந்தத் தாளில் அவள் பெயர் இல்லை

2017இல் எங்கள் பக்கத்துக் குழந்தைப்பேறு சிகிச்சை மையம் ஒன்றில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வயது 24. உயரம் 5 அடி 2 அங்குலம். ரத்தம் ஓ பாசிட்டிவ். மாநிறம். பத்தாம் வகுப்பு. கடைசி வரியில், குழந்தைகள்: 1. எங்களுக்குக் கருமுட்டை தரப்போகும் பெண்ணைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டதற்கு, "டோனர் விவரம் ரகசியம் மேடம்" என்றார் கவுன்சிலர்.

அதற்கு முன் என் முட்டையை வைத்தே இரண்டு முறை ஐவிஎஃப், அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை, செய்து தோற்றிருந்தோம். எனவே முட்டை எடுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று என் உடம்புக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி. ஃப்ரிட்ஜ் கதவில் மோர்ச் சொம்புக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டி இருக்கும். ஒரு வாரத்தில் தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்துவிடும். நடுநடுவே ஸ்கேன். கடைசியில் மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். அதன் பிறகு இரண்டு நாள் என்னால் குனிய முடியவில்லை. அம்மா பக்கத்திலேயே இருந்து ரசஞ்சாதம் பிசைந்து கொடுத்தார்.

அந்த மையத்தின் பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போனபோது படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் டோனர்தானா, வேறு யாரோ, தெரியாது. மஞ்சள் கயிறு. மடியில் பிரித்த இட்லிப் பொட்டலம். ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு மறு கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பையும் செல்போனும் பக்கத்தில் நின்ற நடுத்தர வயது அம்மாளிடம் இருந்தன. "சீக்கிரம் சாப்பிடு கண்ணு, ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார் அந்த அம்மாள். அவர் அவளுக்குத் தாயும் இல்லை, அத்தையும் இல்லை என்று அந்தக் குரலே சொன்னது.

எங்களுக்குக் கரு தங்கவில்லை. எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அந்தத் துக்கத்தை ஒருவாறு கடந்துவிட்டேன். அந்தப் படிக்கட்டைக் கடக்க முடியவில்லை.

2022 ஜூனில் ஈரோட்டுச் செய்தி வந்தபோது அதனால்தான் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. 16 வயதுச் சிறுமி. ஆதாரில் வயதைத் திருத்தி, பெற்ற தாயும் தாயுடன் வாழ்ந்தவனும் புரோக்கரும் சேர்ந்து பல மருத்துவமனைகளில் எட்டு முறை அவளுடைய கருமுட்டையை விற்றிருந்தார்கள். கைதுகள் நடந்தன, அரசு விசாரணைக்குழு அமைத்தது, மருத்துவமனைகள் மீது நடவடிக்கை வந்தது. அத்தோடு பேச்சு அடங்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் இரட்டைக் குழந்தைகளுக்குப் பெற்றோரானதும் ஊரே வாடகைத் தாய்ச் சட்டத்தைக் கரைத்துக் குடித்ததுபோல் வாரக்கணக்கில் பேசியது. அவர்கள் விதியை மீறவில்லை என்று அரசின் விசாரணை அறிக்கை சொன்னது. எட்டு முறை ஊசி குத்தப்பட்ட சிறுமிக்காக அதில் கால்வாசிப் பேச்சுகூட எழவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

இத்தனைக்கும் அப்போது சட்டம் இருந்தது. கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம், வாடகைத் தாய்ச் சட்டம் இரண்டும் 2021இல் நிறைவேறி 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தவை. முட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுக்க வேண்டும். நான் டோனர் முட்டை வாங்கிய காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல்கள் மட்டுமே இருந்தன. மீறினால் தண்டிக்கச் சட்டம் இல்லை. ஆகவே இந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் தண்டனைப் பிரிவைப் படித்துப் பாருங்கள். காசுக்காக வாடகைத் தாயை அமர்த்தும் மருத்துவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை. கருமுட்டையை விற்றுப் பிடிபட்டால், முதல் முறை, வெறும் அபராதம். 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை. சிறை என்பது அடுத்த முறைக்குத்தான். ஒரு ஐவிஎஃப் சுற்றுக்கே லட்சக்கணக்கில் வாங்கும் இடத்துக்கு இது தொழில் செலவு. சிறுமியின் வழக்கில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ போன்ற வேறு சட்டங்கள் துணைக்கு வந்தன. வறுமையால் தள்ளப்பட்டு வரும் 25 வயதுக்காரிக்கு எந்தச் சட்டம் வரும்?

‘வாழ்நாளில் ஒரே முறை’ என்பதையும் யார் சரிபார்ப்பது? இந்த மாதம் ஈரோடு, அடுத்த மாதம் சேலம், அதற்கடுத்து எல்லை தாண்டித் திருப்பதி என்று ஒரு பெண்ணை அழைத்துப் போகிற புரோக்கருக்கு வேண்டியது இன்னொரு ஆதார் நகல். முதல் ஊசி போடுவதற்கு முன் டோனரின் விரல் ரேகையை நாடு முழுவதற்குமான ஒரே பதிவேட்டில் ஒப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ரேஷன் அரிசிக்கு ரேகை கேட்கிற நாடு இது. இதற்குக் கேட்க முடியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. விற்பனை கூடாது, தானமாகத்தான் தர வேண்டும் என்கிறது சட்டம். மருத்துவருக்கு, ஆய்வகத்துக்கு, மருந்துக் கம்பெனிக்கு என்று எல்லோருக்கும் பணம் உண்டு. முட்டைக்காரி மட்டும் புண்ணியத்துக்குத் தர வேண்டுமாம். நடப்பதோ கைமாறிக் கைமாறிப் போகும் ரொக்கம், அதில் அவளுக்கு மிஞ்சுவது சில்லறை. பிரிட்டனைப் போல ஒரு நிலையான ஈட்டுத்தொகையைச் சட்டமே வகுத்து அவள் வங்கிக் கணக்கில் நேராகப் போட்டால், இடையில் நிற்கும் அந்த அம்மாளின் வேலை பாதி குறையும். பணத்தை அனுமதித்தால் ஏழைப் பெண்கள் இன்னும் சுரண்டப்படுவார்கள் என்கிறார் என் வழக்கறிஞர் தோழி. அவர் அச்சம் நியாயமானது. பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபோன கதையை 2025இல் படித்தோம். ஆனால் அங்கேயும் விற்பனைக்குத் தடை இருக்கத்தான் செய்தது.

இப்போது டோனர் முட்டைக்காகக் காத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வேதனையை நான் பட்டிருக்கிறேன், உங்களைக் குறை சொல்லவில்லை. டோனருக்கான காப்பீடு உங்கள் பொறுப்பில் எடுக்கப்பட வேண்டியது. பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். அவள் பெயரை மறைத்துவிட்டாவது பாலிசி நகலைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை முட்டை எடுத்தார்கள், எடுத்த மறுநாள் அவளை யாராவது அழைத்து விசாரித்தார்களா என்றும் கேளுங்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கிய அன்று இதில் ஒன்றையும் நான் கேட்கவில்லை.