எச்பிஏ1சி நரம்புக்கான டெஸ்ட் இல்லை

சர்க்கரை நோய் உள்ளவருக்கு எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நரம்பு பாதிக்காது, அந்த ஒரு ரத்தப் பரிசோதனை போதும், பாதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரிதான். சர்க்கரை கூடக் கூட நரம்புக்கு ஆபத்தும் கூடும், டைப் 1 நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்தி 1993-ல் வெளியான டிசிசிடி என்கிற ஆய்வே அதைக் காட்டிவிட்டது. ஆனால் அந்த எண் சொல்வது கடந்த 2, 3 மாதச் சராசரியை மட்டும்தான். பல வருடம் சர்க்கரை ஏறிக் கிடந்து சமீபத்தில்தான் குறைத்தவருக்கும் 6.8 வரலாம், பாதம் ஏற்கெனவே மரத்துப்போயும் இருக்கலாம் (வலி இல்லாததால் பலருக்கு அது தெரிவதே இல்லை).

நரம்பைச் சோதிப்பது பாதத்தில்தான். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். பி12 மாதிரி ரத்தப் பரிசோதனை எழுதுவதும் உண்டு, அது வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க.

என்னை நம்ப வேண்டாம். அமெரிக்க நீரிழிவு சங்கம் வருடாவருடம் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் நரம்பு, பாதப் பராமரிப்பு பற்றிய பகுதியைத் திறந்து பாருங்கள்: டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனே, டைப் 1 என்றால் 5 வருடம் கழித்து, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனை. எச்பிஏ1சி நன்றாக இருந்தால் விட்டுவிடலாம் என்று அதில் இல்லை.