இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஊரா தூத்துக்குடி?

வெளியூர்த் தம்பி ஒருவர் இரண்டு மணி நேரத்தில் தூத்துக்குடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு காணொளி போட்டிருக்கிறார். அதை யார் யாரோ எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பார்த்துவிட்டேன், போதும். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இத்தனை பேர் பார்த்துவிட்ட ஒன்று, நாளை எங்கள் ஊரைப் பற்றிய உண்மையாகவே ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

மே மாதத்து நடுப்பகல். மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளைக் காட்டி, "கடல் எதிரிலேயே இருக்கிறது, ஒருவரும் போகவில்லை, ஊரே தூங்குகிறது" என்று சிரிக்கிறார் அந்தத் தம்பி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசு விதித்திருக்கும் தடைக்காலம் அது. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், வண்ணம் பூசுவார்கள், வலையைச் சரிசெய்வார்கள். காணொளியை நிறுத்திப் பாருங்கள். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசலைக் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். தலை நிமிரவே இல்லை. ஊர் தூங்குகிறது என்று சொன்ன அதே படத்தில் ஊர் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"தெரியாமல் சொல்லிவிட்டார், விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். தெரியாதது குற்றமே இல்லை. மூன்று அடி தூரத்தில் ஒரு மனிதர் இருந்தார். "ஐயா, படகெல்லாம் ஏன் நிற்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் தலைப்பு மட்டும் 'உள்ளூர்க்காரனாக ஒரு நாள்'.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு கடற்கரை ஊரை அந்த ஊர்க்காரரைப் போல ரசிக்க வேண்டுமானால், அந்த ஊருடைய நேரத்துக்கு நீங்கள் வர வேண்டும். உங்கள் நேரத்துக்கு ஊர் வராது. கடலுக்கு ஒரு நேரம் இருக்கிறது, அடுப்புக்கு ஒரு நேரம் இருக்கிறது, தேருக்கு ஒரு நேரம் இருக்கிறது. அதற்குள் நம்மை நுழைத்துக்கொள்வதுதான் அந்த ஊரில் வாழ்வது.

பரோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கடைக்குள் போய்ப் பரோட்டா கேட்டு, முந்தைய இரவு மிச்சமோ என்னவோ, ஆறிப்போன ஒன்றைத் தின்றுவிட்டு, "இதற்குத்தானா இவ்வளவு பேச்சு?" என்கிறார். தூத்துக்குடியில் பரோட்டா இரவுச் சாப்பாடு. பொழுது சாய்ந்த பிறகுதான் கல் சூடேறும். எண்ணெயில் முறுகப் பொரித்த சின்னப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னாவை ஊற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் மொறுமொறுவென்றும் இருக்கும்போது சாப்பிட வேண்டும். துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவர்களோடு பெஞ்சில் இடம் கிடைக்கக் காத்திருந்து சாப்பிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு அந்தத் தம்பி எங்கே இருந்தார்? திருச்செந்தூர் போய்விட்டாராம்.

மக்ரூனுக்கு வருகிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, நுரை கட்டியாகி நிற்கும்வரை அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் நுரை அமுங்காமல் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர விட்டு எடுக்கிற பண்டம் அது. போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பார்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வதை இங்கே முந்திரி போட்டுச் செய்கிறார்கள். அந்த முந்திரியும் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தினுடையதுதான். மக்ரூனைக் கடிக்கக்கூடாது. நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டால் முதலில் நுரை கரையும், பிறகு முந்திரி மட்டும் மிஞ்சும். கடல்காற்று பட்டால் நமத்துவிடும் என்பதால்தான் எங்கள் வீட்டில் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் போட்டு வைப்பார்கள், ஆளுக்கு இரண்டு எடுத்ததும் அம்மா உடனே மூடிவிடுவார். இவர் பொட்டலத்தைப் பிரித்து வெயிலிலும் காற்றிலும் வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, கடைசியில் எடுத்துக் கடித்து, "பல்லில் ஒட்டுகிறது, வெறும் சர்க்கரை" என்று சொல்கிறார். அந்த அடுப்படியில் நிற்கிறவர்களை நினைத்துப் பார்த்தேன்.

மீன் விஷயமும் இப்படித்தான். ஓட்டலில் உட்கார்ந்து சீலா மீன் இல்லையா என்று முகம் சுளிக்கிறார். தடைக்காலத்தில் நாட்டுப் படகு கொண்டுவருவதுதான் மீன். நாட்டுப் படகுகள் மீன் இறக்கும் திரேஸ்புரத்துக்கு என் அம்மா கிளம்பும்போது என்ன மீன் வாங்கப் போகிறார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அங்கே போய், செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்து, அதன் பிறகுதான் குழம்பா பொரியலா என்று முடிவு செய்வார். சனிக்கிழமைகளில் தங்கல் போன, அதாவது நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடித்த படகுகள் கரைக்கு வரும், ஏலம் களைகட்டும், அன்று விலையும் ஏறும். மற்ற நாட்களில் சாளை கிடைத்தால் சாளை. மாங்காய்க் காலமென்றால் புளியைக் குறைத்து, தேங்காய் அரைத்து, மாங்காய்த் துண்டு போட்டு வைக்கும் சாளைக் குழம்பு இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்தச் சீலா நிற்கும்? அம்மாவுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அக்கா சில நாட்களில், "இது வேண்டாம் மதினி, நேற்று வந்தது, நாளைக்கு வாருங்கள்" என்று தானே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். கையில் காசு இருந்தும் வெறும் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறோம். அன்று ரசமும் துவையலும்தான்.

இனி, இதையெல்லாம் சொன்னபோது எனக்கு வந்த பதில்களைப் பார்ப்போம்.

"ஊருக்கு இலவச விளம்பரம் கிடைக்கிறதே, நல்லதுதானே?" என்று ஒருவர். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரர்களின் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏறுங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று சொன்னது. இலவசத்தை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது. 1908-ல் இங்கிருந்த கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்களுக்காக நின்றதற்கும் சேர்த்து அந்த மனிதரைச் சிறையில் போட்டார்கள், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். காணொளியில் வ.உ.சி.க்கு ஒரு வாக்கியம் கிடையாது. இரண்டு மணி நேரத்தில் அவருக்கு எங்கே இடம்?

"வெளியூர்க்காரன் வரவே கூடாது என்கிறீர்களா?" என்று இன்னொருவர். அப்படி எங்கேயும் சொல்லவில்லை. பரதவர்களும் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து நின்ற கரை இது. 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1825-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்றும் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு போகின்றன. வருகிறவர்களையும் போகிறவர்களையும் வைத்தே வாழ்ந்த ஊருக்கு விருந்தோம்பல் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "நீங்களே சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப்பாசம் பேசுகிறீர்கள்." ஆமாம், பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கிறேன். அதனால் என் வாயை அடைத்துவிடலாமா? என் சித்தி உப்பளத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தூத்துக்குடியில்தான் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுச் சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குதிகாலுக்கு எண்ணெய் தடவுவதைத் தொடர்ந்தார். உப்புநீர் தின்ற கால். விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி, குதிகாலில் சதை தெரிய வெடித்திருக்கும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே டார்ச் விளக்கோடு கிளம்புவார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைக் குத்தும். மழைக்காலம் வந்தால் வேலையே இருக்காது.

அப்படி வேலை நடக்கிற உப்புப் பாத்திக்குள்தான் அந்தக் காணொளித் தம்பி காலணியோடு இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டார். "வெள்ளைப் பாலைவனம், படம் எடுக்க அருமையான இடம்" என்று எழுத்து ஓடுகிறது. அது ஒருவர் வாரிக் குவிக்கப் போகிற உப்பு. உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிற உப்பு. யாருடைய அடுப்படிக்குள்ளாவது இப்படிக் காலணியோடு போய் நிற்பாரா? வரப்பில் நின்று கூப்பிட்டிருந்தால் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் அவர்களே காட்டியிருப்பார்கள்.

எனக்கு இந்த ஒரு காணொளி மட்டும் பிரச்சினை இல்லை. தூத்துக்குடி என்று சொன்னவுடன் வெளியூரில் ஒன்று பரோட்டா என்கிறார்கள், அல்லது ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டைக் கேட்கிறார்கள். அத்தனை பேர் செத்த அந்த நாளைக் கேட்கிறவர்கள்கூடப் பெரும்பாலும் செய்தியாகத்தான் கேட்கிறார்கள், பதில் சொல்லி முடிப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். கொற்கை முத்து என்று சங்கப் பாட்டிலிருந்து பெருமை பேசுவார்கள், 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்பது தெரியாது. சங்கு குளிக்க மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன என்பதும், அந்தச் சங்கு வங்காளத்துப் பெண்களின் கைவளையாக ஆனது என்பதும் தெரியாது. எங்கள் ஊரை எல்லோரும் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் கோபம் அதுதான்.

காணொளியின் முடிவில், பனிமய மாதா கோவிலின் முன்னால் நின்று, "தங்கத்தேரைக் காணோம், அடுத்த வாரம் வந்தால் இழுப்பார்களா?" என்று கேட்கிறார். அந்தத் தேர் 1806-லிருந்தே சிறப்பு ஆண்டுகளில் மட்டும் இழுக்கப்படுவது. 2013-ல் இழுத்தார்கள், கோவில் கட்டிய 300-வது ஆண்டு. பிறகு 2023-ல் இழுத்தார்கள். இடையில் பத்து ஆண்டுகள் ஊரே காத்திருந்தது. 2023-ல் வெளிநாடுகளில் இருந்தெல்லாம் எங்கள் ஆட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வடம் பிடித்தார்கள். மாதாவைக் கும்பிடப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள், என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

தங்கத்தேர் இல்லாத ஆண்டுகளிலும் திருவிழா உண்டு. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 இரவு சப்பரப் பவனி. அந்தத் தம்பிக்கு யாராவது இதை அனுப்பிவைத்தால், அவர் வரலாம். சாயங்காலம் வந்து சேரட்டும், இரவில் பரோட்டா சாப்பிடட்டும், மறுநாள் திரேஸ்புரம் போகட்டும். அதற்குள் தடைக்காலம் முடிந்திருக்கும், படகுகளும் கடலுக்குப் போய்விட்டிருக்கும். அறையை மட்டும் இப்போதே பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள், கடைசி நாட்களில் ஊரில் எங்கும் இடம் கிடைக்காது.